வாயில்லா ஜீவன்களும் வாய் திறந்த பிள்ளைகளும்

நம் சங்க நூலகத்தில் மூன்று இரும்பு பீரோக்கள் இருப்பது கரக்பூர்த் தமிழன்பர்கள் பலருக்கும் தெரியும். அவற்றில் இரண்டைத் திறப்பார் இல்லை என்பதும் தெரியும். மூன்றாவதில் பழைய வாரப்பத்திரிகைத் தொடர்கதைகள் பைண்டு செய்து வைக்கப்பட்டிருப்பதால் அதற்கு மட்டும் மவுசு குறையவில்லை. பெரியவர்களைச் சொல்லிப் பயனில்லை, பிள்ளைகளையாவது படிக்க வைப்போம் என்று செயற்குழு தீர்மானித்தது. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவன் என்ற ஒரே தகுதியில் சாவி என் கைக்கு வந்தது. ஞாயிறு மாலை நான்கு முதல் ஐந்தரை வரை மாணவர் வாசிப்பு வட்டம். அது எப்படி நடக்கிறது என்று எழுதித் தரும்படி மலர் ஆசிரியர் கேட்டதால் இக்கட்டுரை.

ஏழாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை பதினோரு பேர் வருகிறார்கள். தமிழ் பேசுவார்கள், சரளமாக வாசிக்கத் தெரிந்தவர் நான்கு பேர்தான். மற்றவர்கள் இந்தியிலோ வங்காளியிலோ ஆங்கிலத்திலோ படித்துவிட்டு வந்து தமிழில் கதையைச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். படிப்பது எந்த மொழியானாலும் பேசுவது தமிழில். இந்த ஒப்பந்தத்துக்குப் பிள்ளைகள் உடனே சம்மதித்தார்கள். பெற்றோர்தான் கொஞ்சம் முணுமுணுத்தார்கள்.

எதைப் பற்றிப் படிப்பது என்ற கேள்விக்கு அவர்களே சொன்ன பதில், மிருகங்கள். எனக்கு அதில் பாண்டித்தியம் ஏதுமில்லை. நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். டிராலியில் போகும்போது நரி, உடும்பு, மயில், எப்போதாவது யானை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் என் வேலையில் கற்ற ஒரு பழக்கம் இங்கே உதவியது. நான் புதிதாகச் சேர்ந்தபோது என் மேலதிகாரி இன்ஸ்பெக்ஷன் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போடச் சொல்வார். இடது பக்கம் கண்ணால் கண்டது: "இரண்டு ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இல்லை." வலது பக்கம் நீ நினைப்பது: "மழையில் அரித்திருக்கலாம்." இரண்டையும் கலந்து எழுதினால் நோட்டு திரும்பி வரும். வாசிப்பு வட்டத்துக்கும் அப்படி ஒரு நோட்டு போட்டோம். மிருகம் செய்தது இடது பக்கம். அதன் மனதில் இருந்ததாக நாம் நினைப்பது வலது பக்கம்.

முதல் சில வாரங்கள் இடது பக்கம் காலியாகவும் வலது பக்கம் நிரம்பியும் இருந்தன. "நாய் வெட்கப்பட்டது", "பசு கோபித்துக்கொண்டது" என்றெல்லாம் எழுதினார்கள். அப்போது இரண்டு செய்திகள் கைக்கு வந்தன. ஒன்று, பெர்லின் நகரில் 1904ஆம் ஆண்டு வாக்கில் பெரும்புகழ் பெற்றிருந்த ஹான்ஸ் என்ற குதிரை. கூட்டல் கழித்தல் கணக்குக்குக் காலால் தரையைத் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1907இல் உண்மையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் அவர் அறியாமலே இம்மி அசையும். அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியது. "அப்போ அது கணக்கைப் படிக்கல, மனுஷங்களைப் படிச்சிருக்கு!" என்றான் ஏழாம் வகுப்புப் பையன். ஃபங்ஸ்ட் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

இன்னொன்று, அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண்மணி 14 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட சோதனை. எஜமானர் தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வெளியே போவார். திரும்பி வந்ததும், சில சமயம் நாய் தின்னாமலே இருந்தும் தின்றுவிட்டதாக அவரிடம் சொல்லப்படும். நாம் "தப்பு செய்த முகம்" என்கிறோமே, தலை தாழ்த்தி, காதை மடக்கி, பார்வையைத் திருப்பிக்கொள்வது, அது தப்பு செய்ததனால் வரவில்லை, எஜமானர் திட்டியதனால் வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள் அந்த முகத்தை இன்னும் அதிகமாகக் காட்டின. இதைப் படித்த அன்று பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பெண், "எங்க வீட்ல அண்ணன் தப்புக்கு நான் திட்டு வாங்கறப்ப என் முகமும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இடது பக்கம் நிரம்பத் தொடங்கியதும் வேறொரு கோளாறு வந்தது. பதினொன்றாம் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு எடுத்த பையன் ஒருவன், வலது பக்கமே தேவையில்லை என்று வாதாட ஆரம்பித்தான். "மிருகத்துக்கு உணர்ச்சி இருக்குன்னு யார் பார்த்தா?" என்பான். சார்லஸ் டார்வின் மனிதர், மிருகங்கள் இருவரின் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றி 1872லேயே தனிப் புத்தகம் எழுதினார் என்று சொன்னேன். ஜேன் குடால் 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போய்ச் சிம்பன்ஸிகளுக்கு எண் கொடுக்காமல் பெயர் வைத்தபோது, படித்தவர்கள் அது விஞ்ஞானமல்ல என்று கண்டித்ததையும் சொன்னேன். அங்கே ஃப்ளோ என்ற தாய்க் குரங்கு 1972இல் இறந்தது. எட்டு வயதான அதன் மகன் ஃப்ளிண்ட் உணவைக் குறைத்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கி, சில வாரங்களில் தானும் இறந்தது. இவை யாவும் இடது பக்கச் செய்திகள். வலது பக்கத்தில் என்ன எழுதுவாய் என்று கேட்டதற்கு அவன், "நோயாகவும் இருக்கலாம்" என்றான். இருக்கலாம்தான். அவன் கேட்டதில் குற்றமில்லை.

பதில் சொன்னது பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். "மனுஷங்களுக்கு மட்டும் வலது பக்கம் நமக்குத் தெரியுதா? எங்க அம்மா சமையல் கட்டுல தனியா நின்னு அழறது எனக்கு இடது பக்கம்தான். ஏன்னு நானா எழுதிக்கறேன். கேட்டா வெங்காயம்பாங்க."

எனக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. அந்தப் பையனும் அன்று அதற்கு மேல் வாதாடவில்லை. அதற்குப் பிறகுதான் பேச்சு புத்தகத்திலிருந்து நழுவி இவர்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் வர ஆரம்பித்தது. நான் தடுக்கவில்லை.

சரத் சந்திரரின் "மகேஷ்" கதையை வங்காளியில் படித்துவிட்டு வந்து ஒரு மாணவி சொன்னாள். காபூர் என்ற ஏழை தன் காளைக்குத் தீனி இல்லாமல் கூரை வைக்கோலையே பிடுங்கிப் போடுகிறான். ஒருநாள் மகள் அமீனா அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த குடத்தை மகேஷ் மோதி உடைத்துத் தண்ணீரைக் குடித்துவிட, ஆத்திரத்தில் ஏர்க்கட்டையால் அதன் தலையில் அடித்துவிடுகிறான். காளை செத்துப்போகிறது. இரவோடிரவாக மகளைக் கூட்டிக்கொண்டு சணல் ஆலை வேலைக்கு ஊரை விட்டுப் போகிறான். கதை முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், தான் கோபத்தில் தம்பியின் கிரிக்கெட் மட்டையை உடைத்ததைத் தானாகவே சொன்னான். யாரும் கேட்கவில்லை, யாரும் அறிவுரையும் சொல்லவில்லை.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஐந்திணை ஐம்பதில் ஒரு கலைமான் வருகிறது. பாலை வழியில் சுனையில் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கிறது. பிணைமான் குடிக்கட்டும் என்று, ஆண் மான் குடிப்பதுபோல் வாயை மட்டும் வைத்துப் பாவனை செய்கிறது. தலைவன் போன வழி அப்படிப்பட்டது என்கிறது பாட்டு. வாய் வைத்தது இடது பக்கம், பாவனை என்பது வலது பக்கம் என்று பிள்ளைகள் நொடியில் பிரித்துவிட்டார்கள். "இதைப் பார்த்தாவது அந்த ஆள் வீட்டு ஞாபகம் வந்து திரும்பணும்னு எழுதியிருக்காங்க, தாத்தா" என்றாள் ஒருத்தி. தமிழாசிரியர் இல்லாமலே துறை புரிந்துவிட்டது.

என் பங்குக்கு ஒரு ரயில்வே கதை சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் யூட்டன்ஹேக் ஸ்டேஷனில் ஜேம்ஸ் வைட் என்ற சிக்னல்காரர் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர். ஜாக் என்ற பபூன் குரங்கை வாங்கிப் பழக்கினார். இன்ஜினின் விசில் எண்ணிக்கையைக் கேட்டுக் குரங்கு சரியான லீவரை இழுக்கும். 1890இல் அது இறக்கும்வரை ஒன்பது வருஷம் பிழையில்லாமல் வேலை பார்த்ததாகச் சொல்வார்கள். சம்பளமும் உண்டு, நாளைக்கு இருபது சென்ட். அதற்கு பென்ஷன் உண்டா என்று கேட்டார்கள்.

இதெல்லாம் பேச்சு. பேச்சுக்குச் சோதனை சென்ற ஆண்டு மார்ச்சில் வந்தது. நம் வட்டத்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தைக்கு வதோதராவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அங்கே கிடைத்த வீடு நான்காம் மாடி. நாய் வளர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. இவனிடம் ஐந்து வருஷமாக வளரும் நாட்டு நாய் ஒன்று இருந்தது. பெயர் மணி, பக்கத்து வீட்டு வங்காளிகளுக்கு மோனி. மாற்றலில் போகிறவர்கள் விட்டுப்போகும் நாய்கள் காலனியில் எத்தனை அலைகின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு வந்து உட்கார்ந்தவன், "அது என்னை நினைச்சுட்டே இருக்குமா, மறந்துடுமா?" என்று கேட்டான். உடனே ஒரு பெண் ஹச்சிக்கோவைச் சொன்னாள். டோக்கியோவில் ஷிபுயா ஸ்டேஷனுக்கு வந்து எஜமானருக்காகக் காத்திருந்த நாய். பேராசிரியர் 1925 மே மாதம் இறந்தார். நாய் 1935 மார்ச்சில் தான் சாகும்வரை வந்துகொண்டிருந்தது. விஞ்ஞானப் பையன் குறுக்கிட்டான். அங்கே கடைக்காரர்கள் கறி கொடுத்தார்கள், செத்த பிறகு அதன் வயிற்றில் கறி சொருகும் குச்சிகள் இருந்தன, தீனிக்குத்தான் வந்திருக்கும் என்றான். பத்திரிகையில் அதன் கதை 1932இல் வரும்வரை ஸ்டேஷனில் அதை விரட்டித்தானே அடித்தார்கள், அடி வாங்க யார் வருவார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிரேம்சந்தின் இரண்டு காளைகளையும் இழுத்தார்கள். ஹீராவும் மோதியும் வேறு வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் தங்களை விற்றுவிட்டார்கள் என்று நினைத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வருமே, அந்தக் கதை.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மணிக்கு வலது பக்கம் என்னன்னு எனக்குத் தெரியும். இடது பக்கத்துல நான் என்ன செய்யணும்னுதான் தெரியல."

அதன் பிறகு அன்று புத்தகம் பேசவில்லை. வெங்காயம் சொன்ன பெண், தன் வீட்டு வராந்தாவில் இடம் உண்டு என்றாள். அவள் பாட்டி மடி ஆசாரம் பார்ப்பவர். நாய் வாசற்படி தாண்டக் கூடாது, தாண்டினால் பேத்தியும் வெளியே என்று நிபந்தனை போட்டுச் சம்மதித்தார். ஆறு வாரம் இருந்தது. பையன் தினமும் சாயங்காலம் மணியை அந்த வீட்டுக்கு நடத்திப் போய் அங்கேயே சாப்பாடு வைத்தான். முதலில் அவன் தட்டை வைத்தான், பிறகு அவள் வைத்தாள். முதலில் கூடவே இருந்தான், பிறகு பத்து நிமிஷம், அரை மணி என்று வெளியே போய் வந்தான். கடைசி வாரம் இரவும் அங்கேயே விட்டான். போகும்போது தான் உடுத்திய ஒரு பழைய சட்டையை வராந்தா மூலையில் போட்டுவிட்டுப் போனான். திட்டம் முழுவதும் அவர்களுடையது. சட்டை யோசனை விஞ்ஞானப் பையனுடையது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவர்கள் ரயிலேறிய பிறகு அந்தப் பெண் நோட்டில் எழுதியவற்றை அவள் அனுமதியுடன் தருகிறேன். முதல் நாள்: சாதம் தொடவில்லை, பழைய குவார்ட்டர்ஸ் கேட்டில் ஏழு மணி வரை படுத்திருந்தது. இரண்டாம் நாள்: அதே. தண்ணீர் குடித்தது. நான்காம் நாள்: சட்டையின் மேல் படுத்தது. ஐந்தாம் நாள்: தயிர் சாதம் பாதி. ஒன்பதாம் நாள்: கேட்டுக்குப் போய்த் தானே திரும்பி வந்தது. பதினான்காம் நாள்: போகவில்லை. பதினைந்தாம் நாள்: போனது.

பையன் வதோதராவிலிருந்து ஞாயிறுதோறும் நாலரை மணிக்குப் போன் செய்வான். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைப்போம். முதல் தடவை அந்தப் பெண், "மணி உன்னை நினைச்சு ரொம்ப ஏங்கி..." என்று ஆரம்பித்தாள். அவன் இடைமறித்தான். "அக்கா, இடது பக்கம் மட்டும் படிங்க. வலது பக்கம் நான் எழுதிக்கறேன்." அவள் படித்தாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, அங்கே புதுப் பள்ளியில் தனக்கு இன்னும் யாரும் சிநேகமில்லை என்றும், மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பாதி அப்படியே திருப்பிக் கொண்டுவருவதாகவும் சொன்னான். யாரும் அவனைத் தேற்றவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார்கள். ஒன்பது நாள் என்றான். அடுத்த ஞாயிறும் அதையே முதலில் கேட்டார்கள். ஜூலையில் ஒருநாள், டப்பா காலி, பக்கத்து பெஞ்சுக்காரன் பாதியைத் தின்றுவிட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

மணி இப்போதும் அந்த வராந்தாவில்தான் இருக்கிறது. வாசற்படி தாண்டுவதில்லை. பாட்டி படியின் இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அதுக்குச் சாதம் வச்சாச்சோ?" என்று தினமும் இரண்டு தடவை கேட்கிறாராம். பேத்தி அதையும் இடது பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

நோட்டு மூன்றாவது ஓடுகிறது. வரும் மாதம் அணிலைப் பற்றிய மகாதேவி வர்மாவின் "கில்லு". இந்தி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் முன்கூட்டியே படித்துவிட்டு வரவும். மா. கிருஷ்ணன் அவர்களின் தமிழ்க் கட்டுரைகள் யார் வீட்டிலாவது இருந்தால் இரவல் தந்து உதவ வேண்டும். அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். ஞாயிறு மாலை நான்கு மணி. சாவி என்னிடம்தான்.