வண்டி ஓட்டுவோரும் மதுப் பரிசோதனையும்

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி, நியூயார்க் நகரின் சுரங்க இரயிலொன்று யூனியன் ஸ்கொயர் நிலையத்தருகே தடம்புரண்டு ஐவர் மாண்டனர். ஓட்டியவர் குடித்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே, பொதுப் போக்குவரத்து ஊழியரைப் பரிசோதித்தல் வேண்டுமென அமெரிக்காவிற் சட்டம் பிறந்தது.

அதன்வழி வந்த விதிகளின்படி, பணிக்கு 4 மணி நேரம் முன்னரே மதுவை விலக்கல் வேண்டும். மூச்சில் மதுவின் அளவு 0.04 என்னும் எல்லையை எட்டின் குற்றம், 0.02 ஆயினும் அப்போதைக்கு வண்டியைத் தொடலாகாது. சீட்டுக் குலுக்கினாற்போல், முன்னறிவிப்பின்றி ஆட்களைத் தெரிந்தெடுத்துச் சோதித்தலும் உண்டு.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. மூச்சு அந்நேரத்து நிலையைக் காட்டும். சிறுநீரோ சில நாட்களுக்கு முன் உட்கொண்ட கஞ்சாவையும் காட்டிக்கொடுக்கும். தெளிந்தவனும் அகப்படுவான். கடுமையே, எனினும் பலருயிரை ஏற்றிச் செல்வோன்பால் இது தகுமென்றே யாம் கருதுகின்றோம். மருந்துண்டதால் நேர்ந்ததோவென மருத்துவர் ஒருவர் ஆராய்ந்த பின்னரே முடிவு உறுதியாகும்.