நுண்ணுயிரும் வரவு செலவும்

2006-ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள், குடிநீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா ஒன்றை வடிவமைத்தனர். நஞ்சு இருந்தால் கரைசலின் அமிலத்தன்மை மாறும். அம்மாற்றத்தை நிறத்தைக் கொண்டே அறியலாம். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது நெடுங்காலத் துயரம் என்பதால், அம்முயற்சியின் பயன் நமக்கு எளிதில் விளங்கும்.

மரபணுத் துண்டுகளைக் கட்டுமானப் பொருள்களைப் போல் இணைத்து, நுண்ணுயிருக்குப் புதிய பணி ஒன்றை அளிக்கும் இத்துறையைச் செயற்கை உயிரியல் என்பர். இதில் மாணவர்களுக்கென நடைபெறும் உலகப் போட்டி ‘ஐஜெம்’. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 2003-இல் ஒரு பாடமாகத் தொடங்கி, 2004-இல் ஐந்து அணிகளின் போட்டியாயிற்று. இன்று பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான அணிகள் பங்கேற்கின்றன. 2022-இல் இறுதி விழா பாரிஸ் நகருக்கு மாறியது. பெங்களூரு, சென்னை, புணே, தில்லி ஆகிய நகரங்களின் கல்வி நிறுவனங்களும் அணிகளை அனுப்பியுள்ளன.

இத்தகைய அணியைத் திரட்ட விரும்பும் மாணவர்கள் முதலில் எண்ணிப்பார்ப்பது ஆய்வுத் தலைப்பை. அது இயல்பே. எனினும், நல்ல கருத்து இருந்தும் அணி தளர்வதற்குப் பணமும் காலமும் முன்கூட்டியே கணக்கிடப்படாமை பெருங்காரணமாகிறது.

அணிக்கு உயிரியல் மாணவர் மட்டும் போதார். கணித மாதிரி அமைப்பவர், இணையதளம் உருவாக்குபவர், ஆய்வின் பயனாளிகளாகிய பொதுமக்களைச் சந்தித்துக் கருத்தறிபவர், வழிகாட்டும் பேராசிரியர் ஆகியோரும் தேவை. இவர்களோடு, வரவு செலவுக்கென ஒருவர் தொடக்கத்திலேயே பொறுப்பேற்க வேண்டும்.

செலவுகள் நான்கு வகை. பதிவுக் கட்டணம் பல ஆயிரம் டாலர். விழாவில் நேரில் கலந்துகொள்வோருக்குக் கட்டணம் தனி. அடுத்தவை, டி.என்.ஏ. தயாரிப்பும் வேதிப்பொருள்களும்; இறுதியாகப் பயணமும் தங்குமிடமும். டாலரிலும் யூரோவிலும் செலுத்துவதால் மாற்று விகிதம் உயரக்கூடும் என்று கருதி, திட்டத் தொகைக்கு மேல் சிறிது ஒதுக்கி வைப்பது நலம். நன்கொடையைத் தனியொரு மாணவரின் சேமிப்புக் கணக்கில் பெறாமல், கல்வி நிறுவனத்தின் கணக்கில் பெற்று ரசீது வழங்குவதே முறை. நன்கொடையாளரின் நம்பிக்கைக்கும் மாணவரின் நற்பெயருக்கும் அதுவே காப்பு.

காலமும் ஒருவகை மூலதனமே. மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாளும் ஆய்வுகள் இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை. நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவை முன்னதாகவே அணுக வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர் அணியில் சேர்ந்தவுடனேயே விண்ணப்பிக்கலாம். பிரான்சுக்கான குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்க இயலும்.

மிகவும் நுண்மையான வினா ஒன்று உண்டு: யார் பாரிஸ் செல்வது? கோடை முழுவதும் ஆய்வகத்தில் உழைத்த மாணவி, பயணச் செலவுக்கு வழியின்றி ஊரில் தங்கிவிடவும், வசதி படைத்தவர் மேடையேறவும் நேர்ந்தால் அணியின் உள்ளம் உடைந்துவிடும். ஆகவே, திரட்டும் தொகையில் பயணத்துக்கென ஒரு பொதுப்பங்கை முதல் மாதத்திலேயே ஒதுக்கி, அதைப் பெறுவோரை உழைப்பின் அடிப்படையில் தேர்வதென எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும். யார் எப்பணியைச் செய்தார் என்பதை அணிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமெனப் போட்டியும் கோருகிறது. பயணம் செல்லாதவரின் பங்களிப்பும் அவ்வாறு நிலைபெறும்.

இப்போட்டியில் பதக்கங்கள் தரவரிசைப்படி வழங்கப்படுவதில்லை. வகுத்த தகுதிகளை நிறைவு செய்யும் எந்த அணியும் தங்கம் பெறலாம். ஆதலால் தங்கள் மகனோ மகளோ இத்தகைய அணியில் சேர விழைந்தால், ஆய்வின் தலைப்பைக் கேட்டறிந்தபின், “கணக்கு யார் பொறுப்பில் உள்ளது?” என்றும் கேளுங்கள்.