சிற்றறைக் காட்சி

சிற்றறைக் காட்சி என்பது, பயன்பாடு முடிந்த செருப்புப் பெட்டி, பிஸ்கட் டப்பா போன்ற கொள்கலனின் உள்ளே ஓர் அறையையும் அதிலுள்ள பொருட்களையும் சிறிய அளவில் அமைத்துக் காட்டும் கைவினை ஆகும். தமிழ்நாட்டில் இத்தகைய காட்சிகள் நவராத்திரிக் கொலுவிலும் பள்ளி மாணவர்களின் செயல்திட்டங்களிலும் இடம்பெறுகின்றன. எல்லாப் பொருட்களும் ஒரே அளவுத்திட்டத்தில் அமைவதே இதனைப் பொம்மை வரிசையிலிருந்து வேறுபடுத்துகிறது.

பின்னணி

கொலுவில் காலிப் பெட்டிகளுக்கு முன்பே இடமுண்டு. மரப்பெட்டிகளையும் தகர டின்களையும் அடுக்கி, மேலே வேட்டி விரித்துப் படி அமைப்பது பழைய வழக்கம். படிகளில் பெரிய பொம்மையும் சிறிய பொம்மையும் அருகருகே நிற்கலாம். ஆனால் அறைக் காட்சியில் மனிதனை விடப் பெரிய குடம் இருந்தால் அது அறையாகத் தோன்றாது.

உலக அளவில், அமெரிக்காவின் சிகாகோ கலைக் கழகத்திலுள்ள தோர்ன் சிற்றறைகள் புகழ்பெற்றவை. 1932 முதல் 1940 வரையான காலத்தில் நார்சிசா தோர்ன் என்பவரின் திட்டப்படி கைவினைஞர்கள் செய்த 68 அறைகள் அங்கு உள்ளன. ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைக்கும் 1:12 என்னும் அளவுத்திட்டத்தில் அவை அமைந்தவை.

அளவுத்திட்டம்

கொள்கலனின் உயரமே அளவுத்திட்டத்தைத் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, 300 செ.மீ. உயரமுள்ள அறையை 20 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் காட்ட வேண்டுமெனில், 300 ÷ 20 = 15. எனவே அளவுத்திட்டம் 1:15 ஆகும். இதன்படி,

- கதவு (210 செ.மீ.): 14 செ.மீ.
- மனிதர் (165 செ.மீ.): 11 செ.மீ.
- அம்மிக்கல்லின் நீளம் (45 செ.மீ.): 3 செ.மீ.

சுமார் 3 செ.மீ. விட்டமுள்ள புட்டி மூடி, இவ்வளவில் 45 செ.மீ. அகலமுள்ள பொருளுக்கு ஈடாகும். ஆகவே அதனைத் தாம்பாளமாக வைக்கலாம். குவளையாக வைக்க இயலாது.

திருத்தணி மலை: ஓர் எடுத்துக்காட்டு

முருகன் கோயில் அமைந்த மலையைப் படிகளுடன் அமைப்பது கொலுவில் பரவலாகக் காணப்படுகிறது. திருத்தணி முருகன் கோயிலுக்கு ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் உண்டு. ஒரு படியின் உயரம் 15 செ.மீ. எனக் கொண்டால், 1:15 அளவில் அது 1 செ.மீ. ஆகும். அப்போது 365 படிகளின் மொத்த உயரம் 365 செ.மீ. ஆகிவிடும், இது வீட்டுக் கூரையையும் தாண்டும். ஆகவே கொலு மலையில் படிகள் குறியீடாகவே அமைகின்றன. அளவு மாறாமல் காட்ட ஏற்றது ஒரு மண்டபமோ அறையோ ஆகும்.

செய்முறை

1. பெட்டியின் திறந்த பக்கம் பார்வையாளரை நோக்குமாறு நிறுத்த வேண்டும். தகர டப்பாவின் கூரிய விளிம்புகளை நாடாவால் மூட வேண்டும்.
2. சாளரத் துளைகளை முதலில் வெட்ட வேண்டும். பொருட்களை ஒட்டிய பின் வெட்டுவது கடினம்.
3. சுவருக்கு வெள்ளைத் தாளும், காவித் தரைக்குச் சிவப்புத் தாளும் ஒட்டலாம்.
4. அம்மி, உரல், அடுப்பு ஆகியவற்றைக் களிமண்ணிலும், ஊஞ்சல், கட்டில் ஆகியவற்றை அட்டையிலும் மரக்குச்சியிலும் செய்யலாம்.
5. பின்சுவரை ஒட்டிய பொருட்களை முதலிலும், முன்னுள்ளவற்றைக் கடைசியிலும் வைக்க வேண்டும்.

அட்டை எளிதில் தீப்பற்றும் என்பதால் உள்ளே அகல் விளக்கு ஏற்றக் கூடாது. மின்கலத்தில் இயங்கும் சிறு எல்இடி விளக்கு பொருத்தமானது.

பாதுகாத்தல்

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. தமிழும் தெலுங்கும் வழங்கும் ஊர் இது. ஆந்திரத்தில் கொலு 'பொம்மல கொலுவு' எனப்படுகிறது; தசராவில் மட்டுமன்றிச் சங்கராந்தியிலும் அதனை வைக்கும் வழக்கம் உண்டு. இரு பண்டிகைகளுக்கும் பயன்பட வேண்டிய காட்சி, கலைத்து மீண்டும் அடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். பொம்மைகளை ஒட்டாமல், தாளில் சுற்றித் தனியே வைப்பது நன்று. மைதாப் பசை பூச்சிகளை ஈர்க்கும் என்பதால் வெள்ளைப் பசையே ஏற்றது.

அம்மியும் உரலும் அன்றாடப் பயன்பாட்டிலிருந்து விலகிவரும் நிலையில், அளவு பிழையாமல் செய்த சிற்றறை ஒரு வீட்டின் அமைப்பைக் காட்டும் ஆவணமும் ஆகிறது. மூத்தவர்களிடம் பொருட்களின் உண்மையான அளவையும் இருப்பிடத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்வது செயல்திட்டத்தின் முதல் படியாக அமையலாம்.