பழைய சக்கரங்கள் – 9: கிக்கரே கியர், கியரே கிக்கர்

மைசூர் அரண்மனைக் கார்களைப் பற்றிச் சென்ற இரு வாரங்களில் எழுதப்பட்டவை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவற்றை மறுபடி விரிக்க இங்கே இடமில்லை. பழைய வண்டிகளைப் பதிவு செய்வதற்கான விதிகள் இந்த வாரம் விளக்கப்படும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவை கட்டுரையின் கடைசியில் எப்படியும் வந்து சேரும், ஆனால் அதற்குள் ஒரு சாண் நீள இரும்புக் கம்பி ஒன்று குறுக்கிட்டுத் தன் பங்குக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பழைய வண்டிகளின் மீது இளையவர்களுக்கு நாட்டம் பிறக்க வேண்டும் என்று விரும்புவோர் பெரும்பாலும் காட்சியையே நம்புகின்றனர்: மெருகேற்றிய உலோகம், கயிறு கட்டிய மேடை, 'தொடாதீர்கள்' என்னும் அட்டை. அரண்மனைக் கார்களுக்கு இம்முறை பொருந்தலாம், ஏனெனில் அவை தம் காலத்திலேயே பிறர் ஒதுங்கி நின்று பார்ப்பதற்காக வீதியில் சென்றவை. ஆனால் மைசூருக்கு இன்னொரு வாகன மரபும் உண்டு. 1961 முதல் 1996 வரை நகரின் யாதவகிரிப் பகுதியிலிருந்து வெளிவந்த ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள், மன்னர்களுக்காகச் செய்யப்படாமல் மாதச் சம்பளக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. இன்று அவற்றைத் தேடிப்பிடித்துச் சீர்செய்து ஓட்டுவோரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டபின் பிறந்தவர்களும் இருக்கின்றனர். நான்கு சக்கரங்களையே சுற்றிவந்த தொடரில் இரு சக்கரம் நுழைவதற்கு இதுவே காரணம்: அரண்மனைக் கார்கள் தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் கூட்டம் ஜாவாவைத் தானே தேடி வந்தது எதனால் என்பது ஆராயத்தக்கது.

ஜாவா என்ற பெயருக்கும் அதே பெயருடைய தீவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செக் நாட்டில் ஆயுதத் தொழிற்சாலை நடத்தியவரும் கையெறிகுண்டு வடிவமைப்பில் பெயர் பெற்றவருமான ஃபிரான்டிஷேக் யானெசெக், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்தின் 500 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கான தயாரிப்பு உரிமையை 1929-இல் வாங்கியபோது, தம் பெயரின் தலைப்பகுதியையும் வாண்டரரின் தலைப்பகுதியையும் ஒட்டி அச்சொல்லை ஆக்கினார். செக் மொழியில் 'யாவா' என ஒலிப்பது இந்தியாவில் 'ஜாவா' ஆயிற்று. பம்பாய் வழியாக இறக்குமதியாகி வந்த இந்த வண்டிகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தடையானபோது, ருஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் 1960-இல் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனத்தைத் தொடங்கினர். முன்னாள் மன்னரும் அன்றைய மைசூர் மாநில ஆளுநருமான ஜெயசாமராஜ உடையார் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்காக வாக்காளர் விரலில் இடும் அழியா மையைத் தயாரித்ததும் இதே நகரின் வண்ணப்பூச்சு ஆலைதான் என்பதையும், மால்குடி என்னும் கற்பனை ஊரைப் படைத்த ஆர்.கே. நாராயணின் வீடு, 2016-இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்ட அந்த வீடு, இதே யாதவகிரியில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தசராவும் பட்டும் மட்டுமே மைசூரு என்று எண்ணும் வழக்கம் எவ்வளவு குறைபட்டது என்பது விளங்கும். மையின் கதை தனித் தொடருக்கு உரியது, கம்பிக்குத் திரும்பலாம்.

பொதுவாக அக்கால மோட்டார் சைக்கிள்களில், எஞ்சினைக் காலால் உதைத்து இயக்குவதற்கான கிக்கரும், ஓடும்போது வேகத்திற்கேற்பப் பல்சக்கரங்களை மாற்றுவதற்கான கியர் லீவரும் தனித்தனி உறுப்புகளாக இருக்கும். ஜாவாவில் இரண்டும் ஒன்றே. எஞ்சினின் இடப்பக்கம் முன்னோக்கிக் கிடக்கும் கியர் லீவரை, கியர் எதுவும் விழாத நியூட்ரல் நிலையில், எஞ்சினை நோக்கி உள்ளே தள்ளிப் பின்னோக்கித் திருப்பினால், அதுவே நிமிர்ந்து நின்று கிக்கராகிவிடும்; உதைத்து எஞ்சின் உயிர்பெற்றபின் பழைய இடத்திற்கு வந்து படுத்துக்கொண்டால் மறுபடி கியர் லீவராகிவிடும். உள்ளே, ஒரே அச்சில் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரண்டு தண்டுகள் இருக்கின்றன; லீவரை உள்ளே தள்ளும் அந்தச் சிறு அசைவு, அதன் பிடியை ஒரு தண்டிலிருந்து விடுவித்து மற்றொன்றோடு பிணைக்கிறது. இதனால் ஒரு கம்பி மிச்சமானதோடு, எஞ்சின் பெட்டியில் ஒரு துளையும் மிச்சமாயிற்று. ஒவ்வொரு துளையும் எண்ணெய் கசியக்கூடிய ஓர் இடம் என்பதை அறிந்தவர்களுக்கு இது சிறிய ஆதாயமன்று.

இவ்வளவோடு நின்றிருந்தால் இக்கம்பி ஒரு பத்தியில் அடங்கியிருக்கும். 1954-இல் செக் நாட்டில் அறிமுகமாகிப் பின்னர் மைசூரிலும் தயாரான 353 வகை ஜாவாவில் அது மூன்றாவது வேலை ஒன்றையும் செய்கிறது. எஞ்சினின் சுழற்சி பின்சக்கரத்திற்குச் செல்லாதபடி தற்காலிகமாகத் துண்டிக்கும் தட்டுகளின் அடுக்கே கிளட்ச் எனப்படும். கியர் மாற்றும்போதெல்லாம் இடக்கை விரல்களால் அதன் பிடியை இழுப்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் கற்கும் முதற்பாடம். இந்த ஜாவாவிலோ, கியர் லீவரைக் கால் அழுத்தத் தொடங்கும்போது அந்த அசைவின் முதற்பகுதியே கிளட்சை விடுவித்துவிடுகிறது. எஞ்சிய பகுதி கியரை மாற்றுகிறது. காலை எடுத்ததும் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஓடத் தொடங்கிய வண்டியில் இடக்கைப் பிடியைத் தொடாமலே கியர்களை மாற்றிக்கொண்டு போகலாம். கைப்பிடிக் கிளட்ச் இல்லாமலே ஓட்டத்தக்க சூப்பர் கப் வண்டியை ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-இல் வெளியிட்டு உலகெங்கும் விற்றதை எண்ணினால், ஜாவாவின் பொறியாளர்கள் எந்தத் தேவையை முன்னரே உணர்ந்திருந்தனர் என்பது தெரியும். ஆக, ஒரு கம்பிக்கு வேலை மூன்று. கட்டுரையின் தலைப்பு இரண்டோடு நின்றது அது முன்பே அச்சுக்குப் போய்விட்டதால்தான்.

இக்கம்பியைப் பற்றி இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், இளைஞர்களை ஈர்க்கும் பொருளின் இயல்பு இதில் தெளிவாகப் புலப்படுவதே. பழக்கமில்லாத ஒருவர் ஜாவாவின் முன் நின்றால், கிக்கரைத் தேடி வண்டியை ஒருமுறை சுற்றி வருவார்; சாவி கையில் இருந்தும் வண்டி கிளம்பாது. அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். சொல்லிக்கொடுத்தபின் கற்றவரும் அறிந்தோர் கூட்டத்தில் ஒருவராகிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று தமக்குள் வழங்குவதைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி எனக் குறிப்பிடும். ஜாவாவின் லீவரை உள்ளே தள்ளித் திருப்பும் அசைவு, காலால் பேசப்படும் ஒரு குழூஉக்குறி. பார்த்துவிட்டு நகர்வதற்கான பொருளாக அன்றிக் கற்றுத் தேர்வதற்கான பொருளாக ஒரு பழைய இயந்திரம் முன்வைக்கப்படும்போதுதான் அதற்கு வயது ஒரு குறையாகத் தோன்றுவதில்லை.

இரட்டைச் சைலன்சரும் இவ்வகையைச் சேர்ந்ததே. பின்புறம் இருபக்கமும் நீளும் புகைக்குழாய்களைக் கண்டு இரண்டு சிலிண்டர் என்று கணிப்போர் ஏராளம். உண்மையில் 65 மி.மீ. விட்டமும் 75 மி.மீ. வீச்சும் கொண்ட, சுமார் 249 சி.சி. கொள்ளளவுடைய ஒரே சிலிண்டருக்குப் புகை வெளியேற இரண்டு வாய்கள் அமைந்துள்ளன. டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சினில், பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் எரிவதால் ஒலி நெருக்கமாக விழுகிறது. உள்ளுறுப்புகளுக்கான எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து செல்வதால் புகை நீலமாக வெளியேறுகிறது.

அந்தப் புகையே பின்னர் வினையாயிற்று. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் (இரானி குடும்பத்தின் வேரூரான ஈரானிய நகரம் யஸ்த் அதன் மூலம்) வெளிவந்த வண்டிகளில், 1978-இல் அறிமுகமான ரோடு கிங் பெரும்புகழ் பெற்றபோதிலும், 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு வந்த 100 சி.சி. வண்டிகள் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடி மாதச் சம்பளக்காரரின் மனத்தை மாற்றின. 1991-இல் தொடங்கிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 1996-இல் இறுகின. அதே ஆண்டில் மைசூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

மகிந்திரா குழுமத்தின் முதலீட்டோடு, ருஸ்தம் இரானியின் மகன் போமன் இரானியும் பங்கேற்ற கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம், 2018 நவம்பரில் ஜாவாவையும் 2022 ஜனவரியில் யெஸ்டியையும் புதிய வண்டிகளாக மீட்டுக்கொண்டு வந்தது. 2018-ஆம் ஆண்டு ஜாவா, பழைய தொட்டியின் வளைவையும் இரட்டைச் சைலன்சரையும் கவனமாகக் காத்தது. ஆனால் உள்ளே இருந்தது 293 சி.சி. கொண்ட, நீரால் குளிர்விக்கப்படும் நான்குவீச்சு எஞ்சின்; தயாரான இடம் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர்; பொத்தானை அழுத்தினால் கிளம்பும் அவ்வண்டியில் கிக்கருக்கு வேலையில்லாமற் போனதால், மூன்று வேலை செய்த கம்பியும் இல்லை. இன்றைய புகை விதிகளின் கீழ் வேறு வழி இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் புதிய ஜாவா சந்தைக்கு வந்தபின்னும் பழைய ஜாவாவைத் தேடுவோர் ஓயவில்லை என்பது, தோற்றத்தை விற்கலாம், பழக்கத்தை விற்க முடியாது என்பதையே காட்டுகிறது.

ஆகவே பழைய வண்டியின் பக்கம் இளையவர்களை அழைப்போர் செய்யத்தக்கது விளம்பரத்தைவிடப் பயிற்சியே. ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஜாவா ஆர்வலர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடி வண்டிகளோடு கூடுகின்றனர். அத்தகைய கூடுகைகளில் பளபளக்கும் வண்டிக்கு அளிக்கப்படும் கவனத்தில் ஒரு பகுதி, கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டவும், தீப்பொறியின் நேரத்தை ஆளும் 'பாயிண்ட்' என்னும் தொடுமுனைகளின் இடைவெளியைச் சரிசெய்யக் கற்பிக்கவும், புதியவர் ஒருவரை உதைக்கவிட்டுப் பார்க்கவும் ஒதுக்கப்பட்டால் பயன் மிகும். இடர்களையும் மறைக்காமல் சொல்வது நல்லது: 6 வோல்ட் மின்சாரத்தில் எரியும் முகவிளக்கு இன்றைய நெடுஞ்சாலை இரவுக்குப் போதாது, பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படும் காலத்தில் பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் மாற்றியாக வேண்டும், தொட்டியை நிரப்பும்போதெல்லாம் பெட்ரோலில் கலக்கும் எண்ணெயான 2டி ஆயிலை அளந்து ஊற்ற மறந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும்.

இனி, வாக்களித்த விதிகள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்தவையும், மூல வடிவில் பேணப்படுபவையும், பெருமாற்றத்திற்கு உள்ளாகாதவையுமான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' எனப்படும். அவ்வாறு பதிவு பெறுபவற்றின் எண்ணில் மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குப்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கன்றி அன்றாடப் போக்குவரத்துக்கு அவ்வண்டியைப் பயன்படுத்தக்கூடாது. 1961-இல் யாதவகிரியை விட்டுக் கிளம்பிய முதல் ஜாவாக்கள் இவ்வயதை 2011-இலேயே எட்டிவிட்டன. முதல் யெஸ்டிகள் 2023-இல் எட்டின. அதாவது, நாள்தோறும் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி, மதிப்புக்குரிய எண் ஒன்றைப் பெறும்போது நாள்தோறும் ஓட்டும் உரிமையை இழக்கிறது.

'மூல வடிவம்' என்ற சொல் இங்கே பெருஞ்சிக்கலை எழுப்புகிறது. எத்தனால் தாங்கும் குழாயும் 12 வோல்ட் விளக்கும் பொருத்தப்பட்ட ஜாவா மூல வடிவில் உள்ளதா, மூன்று வேலைக் கம்பி தேய்ந்துபோய்ப் புதிதாக வார்த்த கம்பி பொருத்தப்பட்டால் அது பெருமாற்றமாகுமா என்னும் வினாக்கள், ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே நெடுஞ்சாலையோரம் தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்கடே அமைத்துள்ள 'பயணா' கார் அருங்காட்சியகத்தின் முன்னும் நிற்பவை. கம்பி இடம்விட்டால், அடுத்த வாரம் அங்கே செல்லலாம்.

(தொடரும்)