ரேடியேட்டரில் ஒரு குமிழி

அம்பாசடர் ஓடிய நாட்களில் ஹெட் கேஸ்கட் போய்விட்டதா என்று பார்க்க மெக்கானிக்குக் கண்ணும் மூக்கும் போதும். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பார். வாட்டர் பம்ப் சுற்றாதபடி ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யச் சொல்வார். தண்ணீரில் விடாமல் குமிழி கிளம்பினால், சிலிண்டரில் எரிந்த வாயு கேஸ்கட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. பிறகு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எந்த ஒயரோடு குமிழி அடங்குகிறதோ, அந்தச் சிலிண்டரில்தான் கசிவு. காசு செலவில்லாத அருமையான சோதனை அது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்துவிட்டால் இதுகூட வேண்டியதில்லை.

அந்தப் பழைய எஞ்சினும் பொறுமைசாலி. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. மலைப்பாதையில் கொதித்தால் ஓரங்கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளம்பலாம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஒரு தடவை கடுமையாகச் சூடேறினாலே ஹெட் வளைந்து, ஃபேஸிங் போட லேத்துக்குப் போக வேண்டியதுதான்.

இன்று பல அடுக்கு எஃகு கேஸ்கட் வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரும் இருக்கிறது. ஆனால் ஸ்கேனர் ‘மிஸ்ஃபயர்’ என்று சொல்லும், ‘சூடு அதிகம்’ என்று சொல்லும்; கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லாது. அதைச் சொல்வது ஒரு நீலத் திரவம். கூலன்ட்டிலிருந்து எழும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது மஞ்சளாக மாறும். அன்று குமிழியில் தேடியதும் இந்த வாயுவைத்தான்.

நாம் இழந்தது வேறொன்று. பல புதிய கார்களில் வெப்பமானி முள்ளே இல்லை. முள் மெல்ல ஏறுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர்களுக்கு, இப்போது சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் சேதி தெரிகிறது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போலப் படிந்திருப்பதை மட்டும் காட்டி ஹெட்டை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். குளிர்ந்த ஊரில் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் ஈரம் அப்படிப் படியும். முதலில் அந்த நீலத் திரவச் சோதனையைக் கேளுங்கள்.