மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள்

மலைச் சைக்கிள் என்ற பெயரைக் கேட்டவுடன், பனி மூடிய சிகரங்களும் பாறைகளின்மேல் தாவிச் செல்லும் வெளிநாட்டு இளைஞர்களும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பே. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் கடல்நீரேரிக்கும் நடுவே கிடக்கும் கொக்கிளாய்க்கும் அவ்வண்டிக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். கொக்கிளாயில் ஏறி இறங்குவதற்கு ஒரு குன்றுதானும் இல்லை. எனினும், அவ்வண்டி எந்தத் தேவையை முன்னிட்டுப் பிறந்ததோ அந்தத் தேவை அங்கே நிறைய உண்டு. தார் காணாத வழி, சில்லுப் புதையும் மணல், வேரோடிய காட்டுப் பாதை, மாரியிற் சேறாகும் வயல் வரம்பு என்பனவே அவை. பெயர் எதுவாயினும், மலைச் சைக்கிள் என்பது செப்பனிடாத நிலத்துக்கென அமைந்த வண்டியாகும்.

வண்டி பிறந்த கதை

அதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே தமல்பயஸ் என்றொரு மலை உண்டு. 1970 ஆம் ஆண்டுகளில் அப்பகுதி இளைஞர் சிலர், தம் பெற்றோர் காலத்துப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தனர். பருத்த ரயரும் கனத்த சட்டமும் கொண்ட அவ்வண்டிகளுடன் மலை மேலேறி, காட்டுத்தீயை அணைப்பதற்காக வெட்டப்பட்ட பாதைகளிற் கீழ்நோக்கிப் பாய்ந்தனர். 1976 அக்டோபரில் பந்தயமும் நடத்தினர். இறக்கத்தில் இடைவிடாது பிறேக் பிடித்தமையாற் பின்சில்லின் குடத்திலிருந்த கிறீஸ் சூடேறிப் புகையாய்ப் போகும். பின்னர் குடத்தைக் கழற்றிப் புதுக் கிறீஸை அடைக்க வேண்டும். ஆகவே, மீண்டும் அடைத்தல் எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயரே அப்பந்தயத்துக்கு நிலைத்துவிட்டது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெலி முதலியோர் அதன் பயனாய்ப் புதுவகை வண்டிகளை உருவாக்கினர். இருபதே ஆண்டுகளில், 1996 ஆம் ஆண்டு அற்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்வோட்டம் ஒரு போட்டியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இக்கதையில் நாம் கருத வேண்டியவை இரண்டு. வண்டியோ பழைய வண்டி. பாதையோ வேறொரு தொழிலுக்காக உண்டான பாதை. இவ்விரண்டும் வன்னியில் நெடுநாளாய் இருந்தன. விளையாடுவதற்கு வேண்டிய ஓய்வு மாத்திரமே இருக்கவில்லை.

வன்னியின் சைக்கிள்

1990 ஆம் ஆண்டு தொடக்கம் 2002 ஆம் ஆண்டுவரை பொருளாதாரத் தடை வன்னியை அழுத்திய காலத்தில், பெற்றோல் அரிய பண்டமாயிற்று. அப்பொழுது வன்னி மக்களைச் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. நெல்லும் விறகும் மீனும் அதிலேறிச் சென்றன. நோயாளியும் பள்ளிச் சிறுவனும் அதிலேறிச் சென்றனர். ஆளுயரத்துக்கு விறகை அடுக்கிக் கட்டிய வண்டியைக் காட்டு வழியில் தள்ளிச் செல்லும் தொழிலாளியின் உழைப்பை எந்தப் பந்தய வீரனின் உழைப்புடனும் தாராளமாய் ஒப்பிடலாம். மின்கலம் கிடையாத அந்நாட்களிற் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டனர் என்றால் வேறென்ன சொல்ல வேண்டும்? 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதுதான் தலைநகரத்தார் பலர் சைக்கிளின் அருமையை உணர்ந்தனர். வன்னியார் அப்பாடத்தை முன்னரே கற்றவர்கள்.

மூவகை வழிகள்

முல்லைத்தீவிலிருந்து தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்தால் நாயாற்றுப் பாலம் வரும். அதற்கப்பால் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி என்னும் ஊர்கள், ஈற்றிலே கொக்கிளாய். தொடுவாய் என்பது கடல்நீரேரி கடலைத் தொடும் வாய். கொக்கிளாயின் தொடுவாய்க்கு அப்புறம் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை. கண்ணுக்குத் தெரியும் அக்கரைக்குத் தரை வழியே செல்ல வேண்டுமாயின் ஏரியைச் சுற்றி நெடுந்தூரம் வளைய வேண்டும். ஆதலாற் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றிக் கடப்பது மக்களின் வழக்கமாயிற்று.

பிரதான வீதியிலிருந்து கிளைக்கும் வழிகள் மூவகைப்படும். முதலாவது, கரைவலைப் பாடுகளுக்கும் மீனவர் வாடிகளுக்கும் செல்லும் மணல் வழி. இரண்டாவது, குளக்கட்டின் மேலும் வயலோரத்தாலும் செல்லும் கமக்காரர் வழி. மூன்றாவது, பாலையும் வீரையும் அடர்ந்த காட்டினூடாக விறகுக்கும் தேனுக்கும் சென்றோர் உண்டாக்கிய ஒற்றையடி வழி. இவற்றுள் ஒன்றேனும் விளையாட்டுக்காக ஏற்பட்டதன்று. ஆயினும், மலைச் சைக்கிள் ஓட்டுபவன் விரும்புகின்ற வளைவும் மேடுபள்ளமும் நிழலும் நீர்க்கரையும் இவற்றில் ஒருங்கே அமைந்துள்ளன.

ஏறத்தாழ 30 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கொக்கிளாய்க் கடல்நீரேரி 1951 ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டது. நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் அங்கே மேயும். வாடைக்காற்று மழை ஓய்ந்து நிலம் இறுகும் மாசி மாதமே இவ்வழிகளுக்கு ஏற்ற காலம். வடதிசையிலிருந்து வலசை வந்த பறவைகளையும் அப்பொழுது காணலாம்.

மணலின் கணக்கு

மணலிற் சைக்கிள் ஏன் புதைகின்றது என்பதை மாணவர்கள் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ரயரிற் சதுர சென்ரிமீற்றருக்கு 4 கிலோகிராம் அழுத்தத்தில் காற்றடித்தால், இரு சில்லுகளும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்ரிமீற்றர் மாத்திரமே. காற்றை 1 கிலோகிராம் அழுத்தத்துக்குக் குறைத்தால் ரயர் பரந்து, அப்பரப்பு 80 சதுர சென்ரிமீற்றராகும். சுமை நான்கு மடங்கு பரப்பிற் பரவுவதால் மணல் தாங்குகின்றது. ஒடுங்கிய ரயரிற் காற்றை இவ்வளவு குறைத்தால் வளையம் நிலத்தில் இடித்து ரியூப் பிளந்துவிடும். அதனாலேதான் மணலுக்கென 4 அங்குல அகல ரயர் பூட்டிய வண்டிகள் பிற்காலத்தில் வந்தன.

அலை நனைத்த மணல் இறுகியிருப்பதற்கும் காரணம் உண்டு. மணிகளுக்கிடையே தங்கும் சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைக்கின்றது. முற்றாக உலர்ந்தாலும் முற்றாக நீரில் ஊறினாலும் அப்பிடி தளர்ந்துபோகும். இலங்கைக் கரையில் வற்றுப் பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலால், இறுகிய அப்பட்டை ஒடுக்கமானது. அதைவிட்டு விலகாமற் செல்வதே திறமை. கடலோரம் ஓடிய வண்டியை அன்றே நன்னீராற் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் இடாவிடின் உப்பு அதனைத் தின்றுவிடும்.

பாதை அழிந்த காலம்

இனி, இப்பாதைகளின் கதையிற் கசப்பான பகுதிக்கு வருகின்றோம். 1984 டிசம்பரிற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் மீண்டும் குடியேறியது, 2009 இற் போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காலடி படாத பாதை எங்ஙனம் இருக்கும்? பற்றை மூடி, மரம் முளைத்து, காடாகிவிடும். வீட்டுக்கு உறுதி உண்டு. வயலுக்கு உறுதி உண்டு. நடந்து நடந்து உண்டான வழிக்கு உறுதி எங்கே? நடக்கின்ற கால்களே அதற்கு உறுதி. அக்கால்கள் அகன்றால் வழியும் மறையும். இங்கே ஒரு வழி இருந்தது என்று சொல்லும் முதியோரும் மறைந்துவிட்டால், அவ்வழியின் மீதான உரிமையும் மறைந்துபோகும்.

வேறொன்றையும் மறைத்தலாகாது. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் வீதியோரம் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபொழுது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அகழ்வு நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அவ்வீதியால் மகிழ்ச்சியோடு செல்லும் இளைஞன் அவ்விடத்தில் இறங்கிச் சிறிது தூரம் வண்டியை உருட்டிச் செல்வானாயின், அது அவனுடைய கல்விக்கு அழகாகும்.

ஓட்டுவோர்க்குச் சில சொற்கள்

அமெரிக்காவில் இவ்விளையாட்டுப் பெருகியபொழுது, நடந்து செல்வோருக்கும் குதிரையிற் செல்வோருக்கும் சைக்கிள்காரருக்கும் இடையே பூசல் மூண்டது. பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அதன்பின் 1988 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தோன்றிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் சில விதிகளை வகுத்தது. திறந்த பாதையிலேயே செல்க. பிறருக்கு வழி விடுக. விலங்குகளை வெருட்டற்க என்பன அவற்றுட் சில. இவ்விதிகள் வன்னிக்கு மும்மடங்கு பொருந்தும். முல்லைத்தீவு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் பணி பல்லாண்டு நடந்தும், நாட்டில் அது இன்னும் முற்றுப்பெறவில்லை. 2028 ஆம் ஆண்டே அதற்குக் குறிக்கப்பட்ட எல்லை. ஆகவே, அடிபட்ட வழியை விட்டு ஓரடிதானும் விலகலாகாது. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்திலே திரும்புதல் வேண்டும். விடியலிலும் அந்தியிலும் யானை நடமாடுமாதலாற் காட்டு வழியைத் தவிர்த்தல் நன்று. ஊரவர் ஒருவரைத் துணைக்கொள்ளாமற் செல்வது அறிவுடைமை ஆகாது.

இவ்விளையாட்டினால் ஊருக்கு வரும் பயன் யாது? பயன் உண்டென்றே நாம் கருதுகின்றோம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடங்களில் வண்டிப் பாதைகளும் ஒற்றையடிப் பாதைகளும் கோடுகளாய்க் குறிக்கப்பட்டுள்ளன. பள்ளி மாணவர் அவ்வரைபடத்தையும் ஊர் முதியவர் ஒருவரையும் உடன்கொண்டு, இன்று எவ்வழி திறந்துள்ளது, எவ்வழி அடைபட்டது என்று பட்டியல் செய்யலாம். அப்பட்டியலைக் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை ஏற்று, பாதுகாப்பான வழிகளுக்குப் பெயர்ப்பலகை நாட்டினால், விடுமுறை நாளிற் சைக்கிளோடு வருபவனுக்கும் வழி கிடைக்கும். அதிகாலையில் வலையோடு போகும் மீனவனுக்கும் அவ்வழி நிலைக்கும். ஆனால், வந்தவனின் பொழுதுபோக்குக்காகப் பாடு பறிபோவதும் வயல்வழி வேலியாவதும் நேருமாயின், அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். உழைப்பவனின் வழி முதலாவது. உல்லாசப் பயணியின் வழி அதற்குப் பின்னரே.

விலையுயர்ந்த வண்டி வாங்க வகையில்லையே என்று மாணவர்கள் வருந்த வேண்டியதில்லை. தமல்பயஸ் மலையின் இளைஞர்களும் பழைய இரும்பைத் தட்டியே தொடங்கினர். அப்பா ஓட்டிய வண்டியை இறக்கி, சங்கிலியைத் துடைத்து, பிறேக்கைச் சரிபார்த்து, ஒட்டுப் போடும் சாமானையும் ஒரு போத்தல் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால் போதும். பற்றை மூடிய வழியைத் திறந்து வைப்பதற்கு அவ்வழியால் அடிக்கடி போய் வருவதைவிட மலிவான உபாயம் வேறில்லை.