ஊரைச் சொல்லும் பேர்

மும்பையில் வசிப்பவர் ‘மும்பைக்கர்’. மராத்தியில் ஊர்ப்பெயரோடு ‘கர்’ சேர்ந்தால் அந்த ஊர்க்காரர் என்று பொருள். கோவாவின் மங்கேஷியிலிருந்து வந்த மங்கேஷ்கர் என்ற குடும்பப்பெயரிலும் இருப்பது இதே ‘கர்’தான்.

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ்வாசிகள் ‘போர்த்தேன்யோ’, அதாவது துறைமுகத்துக்காரர்கள்.

பிரேசிலில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாவ் பாவ்லோ நகரத்தில் இருப்பவர் ‘பாவ்லிஸ்தானோ’. அதே பெயருள்ள மாநிலத்துக்காரர் ‘பாவ்லிஸ்தா’.

டோக்கியோவுக்கு 1868 வரை எடோ என்று பெயர். அந்த ஊர்க்காரர் ‘எடொக்கோ’, எடோவின் பிள்ளை. அங்கே பிறந்தால் மட்டும் போதாது, மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. கைக்கு வந்த காசை எடொக்கோ மறுநாள் விடியும்வரைகூட வைத்திருக்க மாட்டாராம்!

ஸ்பெயினின் மாட்ரிட்காரர்களுக்குச் செல்லப்பெயர் என்ன தெரியுமா? ‘பூனைகள்’!